குடும்பமே பதில் சொல்லும் நேர்காணல்களை ஒதுக்கலாமா?

வணக்கம். இரண்டு சமூகங்களில் இறுதிக்காலத்தை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று ஒப்பிடும் உங்கள் ஆய்வில், முதியவரிடம் கேட்டால் மகள் பதில் சொல்கிறார், நோயையும் பெரியவரிடம் மறைத்திருக்கிறார்கள், அந்த நேர்காணல்களை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். யார் குறுக்கே பேசினார், பெரியவர் எங்கே மௌனமானார் என்பதெல்லாம் தரவுதான். எழுத்துப்படியில் குறித்து வையுங்கள். ஆனால் மகள் சொன்னதைப் பெரியவரின் கருத்தாக எழுதிவிடாதீர்கள்.

சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1965-இல் வெளியிட்ட அமெரிக்க மருத்துவமனை ஆய்வில் நான்கு நிலைகளைச் சொன்னார்கள்: சாவு நெருங்குவது நோயாளிக்குத் தெரியாது; அவர் சந்தேகப்படுகிறார்; எல்லோருக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல் நடந்துகொள்கிறார்கள்; வெளிப்படையாகவே பேசுகிறார்கள். மூன்றாவதுதான் எனக்கு எப்போதும் சுவாரஸ்யம்! 'இந்தச் சமூகம் மறைக்கும், அந்தச் சமூகம் பேசும்' என்று முத்திரை குத்துவதைவிட, ஒரே வீட்டுக்குள் இந்த நிலை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இரண்டு சமூகங்களையும் ஒப்பிட அதுவே நல்ல பிடி.

என் கவலை வேறு. பங்கேற்பவர்களுக்குக் கொடுக்கும் உங்கள் தகவல் தாளில் 'இறுதிக்காலம்' என்று இருந்தால், விஷயத்தைப் போட்டு உடைப்பது நீங்களாகிவிடும். ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவிடம் இதைச் சொல்லி, என்ன வாசகம் போடலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம், கேள்வியை 'உங்கள் உடம்புக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்?' என்று தொடங்குங்கள். அவர் எதுவரை போகிறாரோ அதுவரை போனால் போதும். சம்மதத்தைப் பெரியவரிடமே, ஒவ்வொரு சந்திப்பிலும் கேளுங்கள். மகள் சரி என்றது அதற்கு ஈடாகாது.