நல்ல சம்பளம் வந்த பிறகு ஜெபம் வரவில்லை என்ற தம்பிக்கு

தம்பி, வேலை தேடிய மாதங்களில் துபாய் கராமாவில் பெட் ஸ்பேஸில், பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து, உபவாசமிருந்து ஜெபித்தீர்கள். இப்போது மேனேஜர் பதவி வந்துவிட்டது, மனைவிக்கும் விசா கிடைத்துவிட்டது. முழங்கால்படியிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, "நான் நன்றி மறந்தவனா அண்ணாச்சி?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்படிச் சொல்லமாட்டேன். தேவை இருந்தபோது அதுவே உங்களை ஜெபிக்க வைத்தது. இப்போது தள்ளிவிட ஆள் இல்லை, நீங்களாகத்தான் போய் உட்காரவேண்டும். துபாய்க்கு வந்து நிலைத்துவிட்ட நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கட்டம் வருகிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்தியது. "ஆண்டவர் என் விசுவாசத்தைக் கனம்பண்ணினார்" என்கிறீர்கள். அதே அறையில் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவரும் ஜெபித்திருப்பாரே. விசிட் விசா முடிந்து அவர் ஊருக்குப் போயிருந்தால், அவர் விசுவாசத்தில் குறையா? 2008 கடைசியில் இங்கே கட்டுமான வேலைகள் வரிசையாக நின்றன. கடனைக் கட்ட வழியில்லாமல் காரை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், இந்திய அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானங்களில் வேலை இழந்து திரும்பினவர்களில் எத்தனையோ பேர் என்னைவிட ஜெபிக்கிறவர்கள். பதவி உயர்வை ஆண்டவர் தந்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டால், வேலை போனவரை அவர் தள்ளிவிட்டார் என்றும் சொல்லவேண்டி வரும். சாட்சி நேரத்தில் வில்லா, கார் என்று அடுக்கும்போது, பின்வரிசையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற பையன் என்ன பாடுபடுவான் என்று நினைத்துப் பாருங்கள். கிடைத்ததை ஈவாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜெபித்ததற்குக் கூலி என்று கணக்கு எழுதவேண்டாம்.

யூதாவை ஆண்ட உசியா ராஜாவைப் பற்றி வேதத்தில் 2 நாளாகமம் 26-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். 16 வயதில் பட்டத்துக்கு வந்து 52 வருஷம் அரசாண்டவன். வனாந்தரத்தில் கோபுரம் கட்டினான், கிணறு வெட்டினான், வெள்ளாண்மையில் பிரியமுள்ளவன். இன்றைக்கு இருந்தால் நல்ல நிர்வாகி என்று பேர் வாங்கியிருப்பான். பலப்பட்ட பிறகுதான் அவன் மனம் மேட்டிமையானது. யுத்தத்தில் தோற்காதவன் ஆலயத்துக்குள் போய் விழுந்தான். ஆசாரியர் மட்டும் காட்டவேண்டிய தூபத்தைத் தானே காட்டப் போனான். பிரதான ஆசாரியன் அசரியாவும் 80 ஆசாரியரும் வந்து "இது உமக்கு அடுத்ததல்ல" என்று தடுத்தார்கள். தூபகலசத்தைக் கையில் பிடித்தபடி அவர்கள்மேல் கோபப்பட்டான், நெற்றியில் குஷ்டம் தோன்றியது. அந்தக் கோபத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஆபீசில் எல்லாரும் "யெஸ் சார்" சொல்லிக் கேட்டுப் பழகினவர், சபைக் கமிட்டியில் ஒருவர் மறுத்துப் பேசினால் முகம் சிவக்கிறார். நம் சபைகளில் பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்களை "தம்பி, இது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரு பெரியவரை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பதவி ஏறஏற அப்படிச் சொல்ல ஆள் குறையும்.

எங்கள் அம்மா உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போடுவாள். பிடி அரிசிக் காணிக்கை, உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அறுப்பு முடிந்து மூட்டை வந்து இறங்கிய நாளிலும் ஒரு பிடிதான், பக்கத்து வீட்டில் கடன் வாங்கின நாளிலும் ஒரு பிடிதான். எடுத்து வைத்த பிறகுதான் மிச்சம் உலைக்குப் போகும். சம்பளம் ஏறின மாதத்தில் அந்தப் பிடியை முதலில் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்து வங்கிக்காரர்கள் கூப்பிடுவார்கள். இங்கே சம்பளத்தைப் போல 20 மடங்கு வரை தனிநபர் கடன் தரலாம், 48 மாதத்தில் கட்டவேண்டும். "அந்த நாலு வருஷமும் இந்த வேலை இருக்கும்" என்று நம்பித்தான் அதில் கையெழுத்துப் போடுகிறோம். விசாவோ கம்பெனி கையில். ஊரில் மாடி எடுக்கிற யோசனை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், கையில் இருப்பதை வைத்துக் கட்டுங்கள்.

நாம் இங்கே யார் தயவில் நிற்கிறோம் என்பதை மறக்காமல் இருக்க, துபாயில் நம் ஆலயம் இருக்கிற ஊத் மேத்தாவுக்குத் தவறாமல் வாருங்கள். அங்கே ஆலயங்கள் நிற்கிற நிலமே அன்றைய ஆட்சியாளர் ஷேக் ரஷீத் கொடுத்தது. ஒரு மண்டபத்தில் தமிழ், அடுத்ததில் மலையாளம், அதற்கடுத்து உருது, பிலிப்பினோ என்று ஆராதனை நடக்கும். திருவிருந்துக்கு முழங்கால்படியிடும்போது ஒரு பக்கம் வங்கி அதிகாரி, மறுபக்கம் ஷிப்டு முடிந்து யூனிபாரத்தோடு வந்த துப்புரவுத் தொழிலாளி. அப்பம் இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான்.

ஜெபத்தில் கேட்க ஒன்றுமில்லை என்றீர்களே, அந்தத் துப்புரவுத் தொழிலாளியிடம் பேரைக் கேளுங்கள், பிள்ளைகள் பேரையும் கேளுங்கள். சோனாப்பூர் தொழிலாளர் முகாமில் சம்பளம் வராமல் காத்திருப்பவர்கள் பேர்களை நான் தருகிறேன். நோட்டில் எழுதி வைத்து ஒவ்வொருவருக்காகவும் ஜெபியுங்கள். யாருக்காவது பயோடேட்டா திருத்திக் கொடுக்கவேண்டி வந்தால் உட்கார்ந்து திருத்திக் கொடுங்கள். இந்த ஞாயிறு சாயங்கால ஆராதனை முடிந்து சிலர் சோனாப்பூருக்குப் போகிறோம். வண்டியில் இடம் இருக்கிறது, மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.