ஓட்டைப் பிரிப்பதற்கு முன்னால்

கூரை மாற்றப் போகிறோம் என்று எழுதுகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது சதுர அடிக்கு எவ்வளவு என்பதைத்தான். விலையை உங்கள் ஊர் மேஸ்திரி சொல்வார். அதற்கு முன் எது கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிடுங்கள். நல்ல மரத்தைக் கழித்துப்போட்டுவிட்டு வருத்தப்பட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தாத்தா கட்டிய ஓட்டு வீடு. மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஓட்டை எடுத்துவிட்டு அதே சுவரில் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. சரிவருமா? (தக்கலை)

பெரும்பாலும் வராது. 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 மங்களூர் ஓடு பிடிக்கும். ஓடு ஒன்று இரண்டரை கிலோ என்றால் 350 கிலோ. மரத்தோடு இன்னும் கொஞ்சம் கூடும். அதே இடத்தில் 5 அங்குலக் கான்கிரீட் தளம் 3 டன்னைத் தொடும். மண் சாந்தில் கட்டிய சுவரும் அதன் அஸ்திவாரமும் அந்தப் பாரத்தை நினைத்துக் கட்டியவை அல்ல. தூணும் பெல்ட்டும் (சுவர்மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) புதிதாகப் போட்டுத்தான் தளம் என்றால், புது வீட்டுக்கான செலவு வந்துவிடும்.

ஒழுகலுக்கு வருவோம். ஓடு ஒன்றைக் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கும். நல்ல ஓட்டைப் பாசி போகத் தேய்த்துக் கழுவித் திரும்ப அடுக்கலாம்.

அப்புறம் மரம். ஓட்டைத் தாங்கிச் சரிவாக இறங்கும் கைமரத்தை (நம் குமரிப் பக்கம் கழுக்கோல் என்பார்கள்) நடுவில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று இறங்கிவிடாதீர்கள். அது முதலில் கெடுவது சுவரில் அமர்ந்திருக்கும் முனையில்தான். அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். வைரம் பாய்ந்த பனை என்றால் நுனி உள்ளே போகாது. மாவில் இறங்குவதுபோல் இறங்கி, வெளியே எடுக்கும்போது பழுப்புத் தூள் கொட்டினால் அந்தக் கைமரம் போச்சு. இப்படி ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்துச் சாக்பீஸால் குறி போடுங்கள். அதன் பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள். சில கைமரம், ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) முழுவதும், கொஞ்சம் ஓடு என்று வேலை முடிந்துவிடும் வீடுகளே அதிகம்.

சரிவைக் குறைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். கிடையாக 3 அடி போனால் ஒன்றேமுக்கால் அடியாவது உயர வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் முகடுகளை ஒரு தடவை நின்று பாருங்கள். சரிவு போதாவிட்டால் காற்றோடு வரும் மழை ஓட்டின் இடுக்கில் ஏறும். எத்தனை புது ஓடு வாங்கினாலும் ஒழுகும்.

கேள்வி: கடலுக்கு அரை கிலோமீட்டரில் வீடு. ஒக்கி புயலில் தகர ஷீட் பறந்துவிட்டது. மறுபடியும் ஷீட்தான் போட முடியும். எதைக் கவனிக்க வேண்டும்? (குளச்சல்)

2017 நவம்பர் 30 அன்று அடித்த காற்றை நாம் யாரும் மறக்கவில்லை. 100 சதுர அடி ஷீட் 50 கிலோகூட வராது. காற்று கூரையின் மேல் வேகமாகப் போகும்போது அதை உறிஞ்சித் தூக்கும். ஓரத்திலும் முகட்டிலும்தான் இழுப்பு அதிகம். அந்த இடங்களில் ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். ஸ்க்ரூ பிடித்தும் இரும்புச் சட்டம் சுவரோடு பிணைக்கப்படாவிட்டால் சட்டத்தோடு பறக்கும். எனவே கான்கிரீட் பெல்ட்டில் போல்ட் பதித்துச் சட்டத்தை அதில் முடுக்க வேண்டும். இறவாரத்தை (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) நீளமாக வெளியே விடாதீர்கள். காற்று அடியிலிருந்து தூக்க அதுதான் கைப்பிடி.

உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது ஸ்க்ரூவும் வெட்டிய விளிம்பும். கிரைண்டரில் வெட்டினால் பூச்சு கருகும், தெறிக்கிற இரும்புப் பொடி ஷீட்டில் ஒட்டி அதுவும் துருவாகும். கத்தரியில் வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இறக்க வேண்டும். உடைத்துப் போட்டால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். (மார்த்தாண்டம்)

உடைக்கவே கூடாது. உடையும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். அவை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். நன்றாகத் தண்ணீர் தெளித்து, கொக்கியைக் கழற்றி, முழுசாக இறக்குங்கள். தூசியைத் தடுக்கிற சரியான மாஸ்க் வேண்டும். துண்டு கட்டினால் போதாது. காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். குழந்தைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இறக்கியதை எங்கே சேர்ப்பது என்று ஊராட்சியிலோ நகராட்சியிலோ முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று, பழைய ஷீட்டில் நேராகக் கால் வைக்க யாரையும் விடாதீர்கள். திடீரென்று உடைந்து ஆள் உள்ளே விழுவார். குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நிற்கட்டும்.

கேள்வி: மாடித் தளம் கசிகிறது. மேலே ஷீட் போட்டுவிட்டால் போதுமா? (நாகர்கோவில்)

மழை விழாது, வெயிலும் குறையும். ஆனால் உள்ளே கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் பெயர்ந்திருந்தால் ஷீட் அதை மறைக்கத்தான் செய்யும். முதலில் கம்பியைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் தொடங்கலாம்? ஓடு எத்தனை வாங்க? (பூதப்பாண்டி)

இறவாரத்தையும் சேர்த்துத் தரையளவு 800 சதுர அடி என்றால், நான் சொன்ன சரிவுக்கு அதை 1.15-ஆல் பெருக்குங்கள். 920 வரும். அதற்கு ஏறத்தாழ 1,300 ஓடு, உடைசலுக்கு ஒரு 60, 70. முகட்டு ஓடு தனிக் கணக்கு.

மாதம் என்றால், நமக்கு இரண்டு மழை. பொங்கல் முடிந்து பிரித்து, பங்குனிக்குள் கூரையை மேய்ந்துவிட வேண்டும். சித்திரையில் சாயங்காலம் இடிமழை தொடங்கிவிடும். என் அம்மா வீட்டில் மரம் வரத் தாமதமாகி மே கடைசியில் பிரித்தோம். மூன்றாம் நாளே மழை. தார்ப்பாய் கிழிந்து நெல் குதிருக்குள் தண்ணீர் இறங்கியது. அம்மா இரவு முழுக்கக் குடத்தால் இறைத்துக்கொண்டிருந்தார். மரமும் ஓடும் முற்றத்தில் வந்து இறங்கிய பிறகுதான் பழைய ஓட்டில் கை வைக்க வேண்டும். அதையும் ஒரு பக்கச் சரிவைப் பிரித்து மேய்ந்து முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.