பெரியவர்களோடு ஒரு நாள் ரயில் பயணம்: கேள்வி பதில்

அப்பா, அம்மா, அவர்கள் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் என்று காலையில் ரயிலில் கூட்டிப்போய் மாலையில் திரும்பி வருவது எனக்குப் பல வருடப் பழக்கம். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்?

கிலோமீட்டரை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. நடுவில் மாறி ஏறினால் 20 நிமிடம் மிச்சம் என்றாலும் நேர் வண்டியில்தான் நான் போவேன். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. விமானத்துக்கு மட்டுமல்ல, ரயிலுக்கும் அது பொருந்தும்.

அண்ணா, திட்டம் போட்டுப் போனால் அப்பா பாதியிலேயே களைத்துவிடுகிறார். போடாமல் போனால் வீண் அலைச்சல். என்னதான் செய்வது?

போகிற வண்டி, பார்க்கிற ஒரே இடம், இந்த இரண்டை மட்டும் முடிவு செய்யுங்கள் தம்பி. மற்றதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வர மூன்று வண்டிகளின் நேரத்தைத் தாளில் எழுதி வையுங்கள். குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டும் செல்லுகிற டிக்கெட்டைத் திரும்பும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். எந்த வண்டியிலும் ஏறக்கூடிய டிக்கெட்டுக்குக் காசு கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் சரி. மணிக்கொரு வண்டி ஓடும் தடம் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கடைசி வண்டியை நம்பவே வேண்டாம், அதற்கு முந்தியதுதான் நமக்குக் கடைசி.

இன்னொன்று. "களைப்பா இருக்காப்பா?" என்று கேட்டால் எந்த அப்பாவும் இல்லை என்றுதான் சொல்வார். "ரெண்டு மணி வண்டியா, மூணு மணி வண்டியா?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. படிகளை நினைத்தாலே பயம்.

இரண்டு ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். திரும்பும் வண்டி எதிர்ப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் வரலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஊன்றுகோல், வலிக்கும் காலுக்கு எதிர்ப் பக்கத்துக் கையில் இருக்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

வண்டி முழுதாக நிற்கும் முன் எழுந்திருக்கவே கூடாது. என் அம்மா ஒருமுறை அவசரப்பட்டு எழுந்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. என் தோளைப் பற்றிய அவர் விரல்கள் வெகு நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தன. அதன்பிறகு நான் முதலில் இறங்கி, பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுகிறேன்.

நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்ன செய்வது?

காலை மாத்திரையை அன்றைக்கு மட்டும் தள்ளிப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். பியூரோசமைடு போன்ற நீர் மாத்திரைகள் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, அடிக்கடி சிறுநீர் வரவைக்கும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது அதைவிட ஆபத்து, தலைசுற்றி விழுவார்கள்.

எந்த இருக்கை நல்லது?

பெட்டியின் நடுப்பகுதி. சக்கரத்துக்கு நேர் மேலே ஆட்டம் அதிகம். குமட்டல் வருகிறவருக்கு வண்டி போகும் திசை பார்த்த ஜன்னல், அடிக்கடி எழுகிறவருக்கு நடைபாதை ஓரம்.

சக்கர நாற்காலி கேட்கலாம் என்றால் அம்மாவுக்குக் கூச்சம், அண்ணா.

என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். "நடக்கிற தெம்பையெல்லாம் பிளாட்பாரத்துலயே செலவழிச்சுட்டா அங்க போய் என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் மட்டும் என்றார். நீங்களும் அந்த அளவுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள், சகோதரி. பல ரயில்வேக்களில் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.