வலை கொடுத்தது யார்?

கேள்வி: சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் தென்னிலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்துபோனதிலிருந்தே எனக்கு நிம்மதி இல்லை. இலங்கையைச் சீனா விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்து யாழ்ப்பாணத்தில் வந்து உட்காரும். தமிழ்நாடு பயப்பட வேண்டாமா? தில்லி தூங்குகிறதா?
- ராமநாதபுரம் மாவட்ட வாசகர்

பதில்: பயப்படக் காரணம் இருக்கிறது. 2014இல் கொழும்புத் துறைமுகத்தில் சீன நீர்மூழ்கி வந்து நின்றது. 2022 ஆகஸ்ட் 16 அன்று, இந்தியா கவலை தெரிவித்தும், நீங்கள் சொல்லும் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. ஏவுகணையின் போக்கையும் செயற்கைக்கோளையும் பின்தொடரும் கருவிகள் கொண்ட கப்பல் அது. அது மீன் பிடிக்க வந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் 'விலைக்கு வாங்கிவிட்டது' என்பது சரியில்லை. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. தொகை 112 கோடி டாலர். அந்தப் பணத்தைச் சீனக் கடனில் கழித்துக்கொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. அது அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, கடன் கடனாகவே நின்றது. 2022இல் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தபோது, சீனாவிடம் பட்ட கடனைவிட, உலகச் சந்தையில் பத்திரம் விற்றுப் பட்ட கடன்தான் அதிகம். இதைச் சொல்வது சீனாவுக்கு வக்காலத்து வாங்க அல்ல. எதிராளி எந்த வழியாக உள்ளே வருகிறான் என்று தெரியாமல் கதவைப் பூட்டிப் பயனில்லை.

வழி எது? யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவைப் பாருங்கள். ராமேசுவரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். டீசல் ஜெனரேட்டரை நம்பிக் கிடந்த தீவு. அங்கேயும் நயினாதீவிலும் அனலைதீவிலும் சூரிய ஒளி, காற்று மின்சாரம் அமைக்கும் வேலையை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க இலங்கை முடிவெடுத்தது. உடனே தில்லி விழித்துக்கொண்டது. எதிர்ப்புச் சொன்னோம், அதே வேலையை மானியமாகவே செய்து தருகிறோம் என்றோம். அந்த ஆண்டு முடிவதற்குள் சீனா விலகியது. நல்லது. ஆனால் வேலை ஒரு இந்திய நிறுவனத்தின் கைக்குப் போனபோது 2024 மார்ச் ஆகிவிட்டது. இடைப்பட்ட மூன்று வருடமும் அந்தத் தீவுக்காரர்களுக்கு அதே டீசல்தான். சீனாவின் பெயர் அடிபடாமல் இருந்திருந்தால் அந்தத் தீவுகளின் விளக்கைப் பற்றி நமக்கு யோசனை வந்திருக்குமா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அப்புறம் வலை. 2021 டிசம்பரில் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, மேல்சட்டை இல்லாமல் நல்லூர்க் கோயிலுக்குப் போனார். அந்தப் படம்தான் நம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அதே பயணத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அவர் வலையும் உலர் உணவுப் பொதியும் கொடுத்தார். எனக்கு உறைத்தது அதுதான்.

ஏன் வலை? உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று இரவு இலங்கைக் கடலுக்குள் போகின்றன. இழுவை மடி கடலின் அடித்தரையை வழித்துக்கொண்டு வரும். வழியில் இலங்கையின் வடக்கு மீனவர் விரித்து வைத்த நைலான் வலை இருந்தால் அதையும் அறுத்துக்கொண்டு போகும். விடிந்து போய்ப் பார்த்தால் மிதவை இருக்கும், வலை இருக்காது. போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடையும் கட்டுப்பாடும், 2009க்குப் பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்; கடன் வாங்கி வாங்கிய வலை அது. அந்த மூன்று இரவும் பலர் வலை இறக்கவே தயங்குகிறார்கள். அவர்களும் தமிழர்கள். நாம் தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுகிற அதே ஆட்கள்.

நம் பக்கத்துத் துயரம் எனக்குத் தெரியாமல் இல்லை. இலங்கைக் கடற்படை பிடித்துப் போவது பெரும்பாலும் படகு முதலாளியை அல்ல, கூலிக்குப் போனவரை. படகும் போய், மாதக்கணக்கில் சிறையும் என்றால் அந்த வீடு என்ன ஆகும்? ஆனால் இந்தக் கூலிக்காரரையும் காப்பாற்றும் வழி இழுவை மடியை விடுவதுதான். 2016இலேயே இரு நாடுகளும் அதை நிறுத்துவது என்று பேசி முடித்தன. 2017இல் இலங்கை சட்டம் போட்டே தடை செய்தது. அதே ஆண்டு நம் அரசுகளும் ஒரு திட்டம் அறிவித்தன: மூன்று ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளை விலக்கி, ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகள் தருவது, விலையில் 70 சதவீதம் மானியம். இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. மானியம் போக மீதியைப் புரட்டுவதே பலருக்கு முடியவில்லை, ஆழ்கடல் தொழிலும் பழக்கமில்லை. ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு துளியை இதற்குக் காட்டியிருந்தால், யாழ்ப்பாணத்துக்குச் சீனத் தூதர் கொண்டுவர வேறு ஏதாவது தேடியிருக்க வேண்டும்.

தில்லி தூங்குகிறதா என்று என்னைக் கேட்டீர்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் ஒன்று கேளுங்கள்: அந்த 2,000 படகில் உங்கள் கரையில் இதுவரை எத்தனை மாறியிருக்கிறது? பதிலை எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.