டிஸ்க் நிரம்பியது எப்படி? லினக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: உபுண்டு சர்வரில் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் முக்கியப் பகுதி) 50 ஜிபி. 'டிஎஃப்' கட்டளை 100% என்கிறது. 'டியூ' கட்டளை போட்டால் 21 ஜிபிதான் வருகிறது. பெரிய லாக் ஃபைல் ஒன்றை நேற்றே அழித்தும் இடம் கூடவில்லை. மீதி எங்கே?

பதில்: முதல் சந்தேகம் அந்த லாக் மீதுதான். 'ஆர்எம்' அழிப்பது ஃபைலின் பெயரை மட்டுமே. அதைத் திறந்துவைத்திருக்கும் புரோகிராம் மூடும்வரை கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) இடத்தை விடுவிக்காது. டியூ ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்க் கண்ணில் படும் ஃபைல்களைக் கூட்டுவது. பெயர் போனது அதற்குத் தெரியாது. டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தின் கணக்கையே கேட்டுச் சொல்லும்.

சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' கொடுங்கள். டெலீட்டட் என்று முடியும் வரிகளில், எந்த புரோகிராம் எத்தனை பைட்டைப் பிடித்துவைத்திருக்கிறது என்று தெரியும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும், மெஷினை ரீபூட் செய்ய வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை இனி அழிக்காமல் 'ட்ரங்கேட் -எஸ் 0' கொடுத்துக் காலி செய்யுங்கள். டேட்டாபேஸ் ஃபைலில் மட்டும் இந்த வேலையைக் காட்டிவிடாதீர்கள்!

பட்டியலில் பெரிதாக ஒன்றும் இல்லையா? மவுன்ட் பாயின்ட்டை, அதாவது வேறொரு டிஸ்க் வந்து இணையும் ஃபோல்டரை, பாருங்கள். பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகாத ஒரு ராத்திரி, ஸ்கிரிப்ட் அது பாட்டுக்கு அந்த வெற்று ஃபோல்டரில், அதாவது ரூட்டிலேயே, எழுதித் தள்ளியிருக்கும். மறுநாள் டிஸ்க் மவுன்ட் ஆனதும் அவ்வளவும் அதனடியில் மறைந்துவிடும். ரூட்டை வேறொரு காலி ஃபோல்டரில் 'மவுன்ட் --பைண்ட்' செய்து அங்கே டியூ போட்டால் அகப்படும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் 'மவுன்ட்பாயின்ட் -க்யூ' சோதனை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 12 ஜிபி காலியாக இருந்தும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வருகிறதே?

பதில்: 'டிஎஃப் -ஐ' போடுங்கள், ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம். ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் அதன் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. பிஎச்பி செஷன், மெயில் க்யூ போன்ற குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். எந்த ஃபோல்டர் என்பதை 'டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ்' காட்டிக்கொடுக்கும். அங்கே போய் 'ஆர்எம் *' அடித்தால் "ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்" என்று முரண்டு பிடிக்கும். 'ஃபைண்ட்' கட்டளையை '-டெலீட்' சேர்த்துக் கொடுங்கள். எத்தனை நாள் பழையது என்பதற்கு '-எம்டைம் +7' போல ஒரு வரம்பும் இருக்கட்டும்.

கேள்வி: பென்டிரைவை அன்மவுன்ட் செய்தால் "டார்கெட் இஸ் பிஸி" என்கிறது.

பதில்: மவுன்ட் ஆன ஃபோல்டரின் பெயரோடு 'ஃப்யூசர் -விஎம்' கொடுங்கள், அதை எந்த புரோகிராம் பயன்படுத்துகிறது என்று தெரியும். பெரும்பாலும் உங்கள் டெர்மினலே அதற்குள் நின்றுகொண்டிருக்கும். 'சிடி' போட்டு வெளியே வாருங்கள். 'யூமவுன்ட் -எல்' கொடுத்தால் பிழைச்செய்தி போய்விடும், ஆனால் எழுத வேண்டியது எழுதி முடியாமல் இருக்கலாம். அதை நம்பி டிரைவைப் பிடுங்காதீர்கள்.