பால்துகள், செம்பனை விலை, நரம்பணு – கடிதம்

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவத்துக்கு இயற்பியல் நடத்துகிறேன். பிரௌனியன் இயக்கம் (நீர்மூலக்கூறுகள் மோதுவதால் நுண்துகள் தாறுமாறாக அலைவது) நடத்தி முடித்த அன்று ஒரு மாணவி, “டீச்சர், இதே சமன்பாட்டைச் சந்தை விலைக்கும் மூளைக்கும் போடுகிறார்களாமே, அது உண்மையான ஆய்வா, இல்லை இயற்பியலின் பெயரைக் கடன் வாங்குவதா?” என்று கேட்டாள். எனக்கு முழுப் பதில் தெரியவில்லை. பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க ஏதாவது வழி உண்டா? கூடத்தில் 400 மடங்கு காட்டும் நுண்ணோக்கி உண்டு. பக்கத்தில் ரப்பர்த் தோட்டமும் உண்டு.

– ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள டீச்சர்,

கடன் என்று பார்த்தால் முதலில் கொடுத்தது பொருளியல்தான். லூயி பாஷிலியே 1900இல் பாரிஸில் அளித்த ஆய்வேட்டில், அரசுக் கடன் பத்திரங்களின் விலையேற்ற இறக்கத்துக்கு இந்தக் கணிதத்தை எழுதிவிட்டார். ஐன்ஸ்டைன் அதை அறியாமலேயே 1905இல் நீரில் மிதக்கும் துகளுக்கு எழுதினார். 1963இல் பெனுவா மாண்டல்பிராட் பருத்தி விலையை எடுத்துப் பார்த்து, பெரிய தாவல்கள் இந்தக் கணக்கு அனுமதிப்பதைவிட மிக அதிகம் என்று காட்டினார். அதே மாண்டல்பிராட்தான் மறு ஆண்டு, ஜார்ஜ் கெர்ஸ்டைனோடு சேர்ந்து, ஒரு நரம்பணு எப்போது துடிக்கும் என்பதற்கு இதே தற்போக்கு நடையை, அதாவது ஒவ்வோர் அடியும் தற்செயலாக விழும் நடையை, பயன்படுத்தினார். ஓரிடத்தில் உடைத்ததை இன்னோரிடத்தில் பொருத்திப் பார்த்தவர் அவர். உங்கள் மாணவிக்கு என் பதிலும் அதுதான். சமன்பாடு எங்கே வேண்டுமானாலும் போகும். அதன் அடியில் இருக்கும் ஊகங்களும் கூடவே போயினவா என்று ஒவ்வொரு இடத்திலும் சோதித்தால் அது ஆய்வு. சோதிக்காவிட்டால் வெறும் பெயர்தான்.

ஊகங்கள் மூன்று. ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைச் சாராதது. அடிகளின் அளவுப்பரவல் காலத்தோடு மாறாது. மிகப் பெரிய அடிகள் மிக மிக அரிது. இவை சரியென்றால், நகர்வின் பரவல் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும்: நான்கு மடங்கு காலத்துக்கு இரண்டு மடங்கு.

இதை உங்கள் ஊர்ப் பாலிலேயே பார்க்கலாம். 1908இல் விக்டர் ஆன்றி பாரிஸில் படம்பிடித்ததும் ரப்பர்ப் பால் துகள்களைத்தான். அவருடைய அளவுகள் ஐன்ஸ்டைன் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ழான் பெரென் வேறொரு மரப்பிசினின் சீரான மணிகளைப் பிரித்தெடுத்து அளந்த பிறகே கணக்கு உறுதியானது. அதாவது, அளப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காலையில் வெட்டிய பாலை மரத்தில் கட்டிய மங்கிலிருந்து எடுத்ததும் சில சொட்டு அம்மோனியா விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிருமிகள் அமிலம் உண்டாக்கி, சில மணி நேரத்தில் பால் கட்டிவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஆயிரம் மடங்கு கலக்குங்கள், லேசாக மங்கித் தெரிந்தால் போதும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து மூடி, மூடியின் நான்கு விளிம்பிலும் நகப்பூச்சைப் பூசி அடையுங்கள். இந்த அடைப்பில் சோம்பல் பட்டால் ஓரத்தில் நீர் ஆவியாகி, எல்லாத் துகள்களும் ஒரே பக்கம் மிதந்து போகும். நொடிக்கு அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓட்டம்கூட 10 நொடியில் 5 மைக்ரான் தள்ளிவிடும். பிரௌனியன் நகர்வோ அந்நேரத்தில் 3 மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும்.

30 பாகையை ஒட்டிய வெப்பத்தில் ஒரு மைக்ரான் விட்டமுள்ள துகள் ஒரு திசையில் 1 நொடிக்கு ஏறக்குறைய 1 மைக்ரான் நகரும். 4 நொடிக்கு 2, 100 நொடிக்கு 10. கண்வில்லையில் கைப்பேசியை வைத்துக் காணொளி எடுத்து, 20 துகள்களை ஒவ்வொன்றும் 60 நொடி, நொடிக்கு ஒரு புள்ளியாகக் குறியுங்கள். மேடை அளவுகோல் (நுண்ணோக்கியின் கீழ் வைத்து நீளம் அளக்கும் கோடிட்ட தகடு) இல்லையென்றால் கவலை வேண்டாம், விகிதத்தைச் சோதிக்கப் படப்புள்ளிக் கணக்கே போதும். ஓட்டம் இருந்தால் எல்லாத் துகள்களின் சராசரி நகர்வைக் கழித்துவிடுங்கள்.

பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் வேறு. புள்ளி குறிக்கும் கை 0.3 மைக்ரான் தவறினால், சராசரி வர்க்க நகர்வில் எந்தக் கால இடைவெளியிலும் 0.18 கூடிவிடும். 1 நொடியில் அது கணிசமான பங்கு, 16 நொடியில் ஒன்றுமே இல்லை. ஆகவே இரண்டு எண்களை வகுத்துப் பார்க்காமல், வர்க்க நகர்வைக் காலத்துக்கு எதிராக வரைந்து சாய்வை எடுங்கள். கோடு மேல்நோக்கி வளைந்தால் ஓட்டம் மிச்சம் இருக்கிறது. ரப்பர் நீரைவிட இலேசு, துகள்கள் மெல்ல மேல் கண்ணாடிக்கு ஏறும், அங்கே ஒட்டி நின்றால் இழுவை கூடி வேகம் குறையும். அதனால் சொட்டின் நடு ஆழத்தில் குவித்து, கால் மணிக்குள் படமெடுத்து முடியுங்கள்.

இனி விலை. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் நாள்தோறும் விலை வெளியிடுகிறது. டன்னுக்கு எத்தனை வெள்ளி என்ற அந்த எண்களில் 2,000 நாளை எடுத்து, இன்றைய விலையை நேற்றைய விலையால் வகுத்து மடக்கை காணுங்கள். பாஷிலியே நேரடி விலையில் கணக்கிட்டதால், அவர் கணக்கில் விலை சுழியத்துக்குக் கீழும் போகலாம். மடக்கையில் அந்தச் சிக்கல் வராது. பிறகு 1, 4, 16 நாள் மாற்றங்களின் திட்ட விலக்கத்தை (சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) ஒன்றன்மேல் ஒன்று படியாத துண்டுகளாக எடுங்கள். 16 நாளுக்கு 125 எண்களே கிடைக்கும், எனவே 6 விழுக்காட்டுப் பிழையைத் தாராளமாக விடுங்கள். வர்க்கமூல விதி பெரும்பாலும் ஓரளவு தாங்கிவிடும். “பார், விலையும் பால்துகள் மாதிரிதான்” என்று இங்கேயே நிறுத்திவிடுகிற கட்டுரைகள் எனக்குக் கோபம் வரவழைக்கின்றன, ஏனென்றால் அடுத்த இரண்டு சோதனைகளில்தான் விஷயம் வெளிப்படுகிறது.

முதலாவது, மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டிய நாட்களை எண்ணுங்கள். மணிவடிவப் பரவலில் ஆயிரம் நாளில் மூன்று நாள்தான் அப்படி வரும். ஐந்தைத் தாண்டுவது சந்தை நாட்கணக்கில் ஏறக்குறைய 7,000 ஆண்டுக்கு ஒருமுறை. விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டிய 2022ஐச் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டாவது, இன்றைய மாற்றத்தின் அளவும் நாளைய மாற்றத்தின் அளவும், குறியை விட்டுவிட்டு, ஒட்டி வருகின்றனவா என்று ஒட்டுறவு காணுங்கள். பிறகு நாட்களின் வரிசையைக் கலைத்துவிட்டு மறுபடி காணுங்கள். கலைத்ததும் ஒட்டுறவு மறைந்தால், கலவரமான நாட்கள் கூட்டமாக வருகின்றன என்று பொருள். பால்துகளில் இப்படி வராது. ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற நீர்மூலக்கூறுகள் மோதுகின்றன, ஒன்று மற்றொன்றைப் பார்ப்பதில்லை. சந்தையில் வாங்குபவன் விற்பவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

முன்பேர விலையை, அதாவது பின்னொரு மாதத்துச் சரக்குக்கு இன்றே பேசும் விலையை, எடுத்தால் ஒரு கவனம்: ஒப்பந்தம் 15ஆம் தேதி முடிவதால் மூன்றாம் மாத விலைத் தொடர் அதை ஒட்டி வேறு ஒப்பந்தத்துக்குத் தாவும். அந்தத் தாவலைச் சந்தை நகர்வென்று எண்ணிவிடக் கூடாது.

மூளையில் நிலைமை இன்னும் திறந்தே கிடக்கிறது. 1978இல் ரோஜர் ராட்கிளிஃப், முடிவெடுப்பதை ஓர் எல்லையைத் தொடும்வரை ஒரு பக்கச் சாய்வோடு நடக்கும் தற்போக்கு நடையாக எழுதினார். எதிர்வினை நேரங்களின் வரைபடம் வலப்பக்கம், மெதுவான பதில்களின் பக்கம், வால் நீண்டிருப்பதை அது நன்றாக விளக்குகிறது. புள்ளிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று குரங்குகள் முடிவெடுக்கும்போது, மூளையின் பக்கச்சுவர்ப் பகுதி நரம்பணுக்களின் துடிப்பு ஏறிக்கொண்டே போய் ஒரு மட்டத்தில் நிற்பதை ராய்ட்மனும் ஷாட்லனும் 2002இல் காட்டினர். ஆனால் அந்தப் பகுதியைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தும் குரங்குகளின் தீர்ப்பு கெடவில்லை என்று 2016இல் வேறொரு குழு கண்டது. நடத்தைக்குப் பொருந்தும் சமன்பாடு அந்த நரம்பணுக்களில்தான் ஓடுகிறது என்று இதனால் சொல்லிவிட முடியாது.

புள்ளிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்ற அதே சோதனையை வகுப்பில் செய்வதென்றால் சைக்கோபை என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு மாணவருக்கு ஒரு கடினநிலையில் குறைந்தது 200 முறை. எல்லாருடைய நேரங்களையும் ஒரே படத்தில் கொட்டாதீர்கள், மெதுவானவர்களும் வேகமானவர்களும் கலந்தாலே பொய்யான வால் வந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் திரையில் படம் 17 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் மாறும், அதைவிட நுண்ணிய வேறுபாட்டைப் பேசவே வேண்டாம். “வேகமாக” என்றும் “சரியாக” என்றும் தனித்தனிச் சுற்றாக அறிவுறுத்துங்கள். கணக்கின்படி எல்லை மட்டும் மாற வேண்டும், சாய்வு அப்படியே இருக்க வேண்டும். சாய்வும் மாறினால் அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.