முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்: மாடித்தோட்டத் தன்னார்வலர்களின் கேள்விகளும் பதில்களும்

மாடித்தோட்டம் போடுபவர்களுக்கு இணைய வகுப்பில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை (மருந்தை மட்டும் நம்பாமல் பல வழிகளைச் சேர்த்துப் பூச்சியைக் கட்டுப்படுத்தும் முறை) சொல்லித்தரும் தன்னார்வலர்கள் என்னிடம் கேட்டவை இவை.

கேள்வி: ஐயா, முதல் வகுப்பிலேயே எல்லோரும் “என்ன மருந்து அடிக்கணும்?” என்றுதான் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது?

அந்தக் கேள்வியிலேயே தொடங்குங்கள். ஆசையாக வளர்த்த செடி வாடுகிறதே என்ற பதற்றத்தில் கேட்கிறார்கள், அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். “என்ன பூச்சி?” என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். நான் மிளகாய்ச் செடியை வைத்துச் சொல்வேன். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் என்ற மிகச் சிறிய பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டிருந்தால் சிலந்தி, வலை பின்னும் சிலந்தி அல்ல, ‘மைட்’ என்கிற நுண்ணிய உயிர். சிலந்தி பூச்சி இனமே அல்ல. அதனால் இலைப்பேனுக்கு அடிக்கும் மருந்து பலவும் அதை ஒன்றும் செய்யாது, நனையும் கந்தகத்துக்கு (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) அது அடங்கும். நச்சுயிரி (வைரஸ்) நோயாலும் இலை சுருளும். அதற்கு மருந்தே கிடையாது, செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். பார்வைக்கு எல்லாம் “இலைச் சுருட்டல்”, ஆனால் செய்ய வேண்டியது ஒவ்வொன்றுக்கும் வேறு. இது புரிந்துவிட்டால் பாதி வகுப்பு முடிந்த மாதிரி.

கேள்வி: சார், அவர்கள் அனுப்பும் படங்களில் ஒன்றுமே தெரிவதில்லை.

மூன்று படம் கேளுங்கள்: முழுச் செடி, இலையின் மேல்புறம், இலையின் அடிப்புறம். அடிப்புறப் படத்தில் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கட்டும், அளவு தெரியும். இலைப்பேன், சிலந்தி சந்தேகம் என்றால் வெள்ளைத்தாளின் மேல் கிளையை நாலு தட்டு தட்டச் சொல்லுங்கள். தாளில் புள்ளிகள் ஊர்ந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கச் சொல்வதும் நல்லது.

கேள்வி: நன்மை செய்யும் பூச்சி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, அண்ணா. எப்படிப் புரிய வைப்பது?

பப்பாளி மாவுப்பூச்சியின் கதையைச் சொல்லுங்கள், நம் ஊரில் நடந்தது. 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய அந்தப் பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. உடம்பெல்லாம் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் ஒட்டாது. 2010-ல் கரீபியன் தீவான பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து வளர்த்துத் தோட்டங்களில் விட்டார்கள். அதில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கொசுவை விடச் சிறிய குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அடக்கிவிட்டது. அந்தச் சமயத்தில் மருந்தை அடித்துக்கொண்டே இருந்த தோட்டத்தில் குளவியும் சேர்ந்து செத்திருக்கும்.

இன்னொன்றையும் கட்டாயம் காட்டுங்கள். கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு, வெள்ளை மெழுகு இழைகளோடு அச்சு அசலாக மாவுப்பூச்சி போலவே இருக்கும். ஆனால் அது மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது. தெரியாமல் அதை நசுக்கியவர்கள் ஏராளம், ஆரம்பத்தில் நானும் நசுக்கியிருக்கிறேன். இன்றும் மனசு கேட்கவில்லை. அளவில் பெரியதாக, தொட்டால் விறுவிறுவென்று ஓடினால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வேப்ப எண்ணெயை வாரம் தவறாமல் அடித்து வரலாமா?

பூச்சி இருந்தால் அடியுங்கள், கிழமை பார்த்து அடிக்க வேண்டாம். லிட்டருக்கு 5 மில்லி, கரைய கொஞ்சம் காதி சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி.

கேள்வி: திரையில் செய்முறை எப்படிச் சொல்லித்தருவது? வெறும் படங்கள் ஓடினால் தூங்கிவிடுகிறார்கள்.

படங்களைக் குறைத்துவிட்டு, ஃபோனோடு மாடிக்குப் போங்கள். கத்தரியில் நுனி மட்டும் வாடித் தொங்கும் தண்டு ஒன்றைத் தேடி, வாடிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, கேமரா முன்னால் பிளந்து காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். தண்டு துளைப்பான் என்று நூறு முறை சொன்னாலும் பதியாதது அந்த ஒரு நிமிடத்தில் பதிந்துவிடும். வெளியே தெளிக்கும் மருந்து உள்ளே இருக்கும் புழுவை எட்டாது, வெட்டி அழிப்பதே சிறந்தது என்று அவர்களே சொல்வார்கள். அப்புறம் அடுத்த வகுப்புக்குள் ஆளுக்கு ஒரு தண்டு பிளந்து படம் அனுப்ப வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம்.

கேள்வி: மஞ்சள் ஒட்டுப்பொறி மாட்டினால் போதுமா?

போதாது. வெள்ளை ஈ, அசுவினி எவ்வளவு வருகிறது என்று கண்காணிக்க அது உதவும். இலைப்பேனுக்கு நீல நிறப் பொறி. நிறைய மாட்டினால் நன்மை செய்யும் பூச்சிகளும் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பாட்டி, கறிவேப்பிலையில் ஒரு புழு இருந்தாலும் பதறுகிறார். என்ன சொல்வது, ஐயா?

சின்னதில் பறவை எச்சம் போலவும் வளர்ந்ததும் பச்சையாகவும் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிய செடி என்றால் இரண்டு மூன்று புழுக்களை அது தாங்கும். சின்னத் தொட்டிச் செடி என்றால் கையால் எடுத்து, பக்கத்தில் எலுமிச்சையோ நாரத்தையோ இருந்தால் அதில் விடச் சொல்லுங்கள். அதையும் அது தின்னும். ஒரு புழுவை மட்டும் கொத்தோடு கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். தினம் புது இலை போட வேண்டும். சில வாரங்களில் இறக்கை விரியும். அன்றைய வகுப்பைப் பாட்டியே நடத்தட்டும்.